பாறையில் வெடிப்பு இல்லை

மருதாசலத்தின் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை முதன்முதலில் ஆய்வு செய்து தள்ளுபடி செய்தது அவருடைய மயிலைப் பசுதான். தொட்டிக்கு வந்தது, மூக்கை ஒரு முறை வைத்தது, தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. ஜீப் கிடையாது, பயணப்படி கிடையாது. முடிவு மட்டும் உடனே வந்தது. அரசாங்கம் ஏன் மாடுகளை வேலைக்கு எடுப்பதில்லை என்பது அப்போதே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கல்லாங்காட்டுப்புதூரில் அவர் தோட்டத்துக்கு மேற்கே ஒரு பாறைக்குழி. வருஷக்கணக்கில் வேட்டு வைத்துக் கல் எடுத்த குழி. கல் தீர்ந்ததும் குவாரிக்காரர் போய்விட்டார். குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. திருப்பூர் அதைப் பார்த்துவிட்டது. உலகத்துக்கெல்லாம் பனியனும் ஜட்டியும் தைத்து மானம் காத்துக்கொண்டிருந்த ஊர். தன் மானத்தை மறைக்க அதற்கு ஒரு குழி தேவைப்பட்டது. கட்டிங் வேஸ்ட், சாயம் ஊறிய பஞ்சு, கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை என்று லாரி லாரியாக வந்து கொட்டியது. இரண்டு மழை பெய்து ஓய்ந்ததும் மருதாசலத்தின் போரில் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது. நுரை வந்தது. நாற்றம், தண்ணீருக்கு முன்னாலேயே வந்து திண்டாட வைத்தது.

மாட்டுக்கு அடுத்தபடியாக மறுத்தவள் மருமகள் அன்புசெல்வி. முதல் கரு கலைந்து, இப்போது இரண்டாவது. "இந்தத் தண்ணியக் குடிக்கவே கூடாது" என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே தாராபுரத்தில் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது மாமனார் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. நல்ல தண்ணி வந்துச்சுன்னா பாப்பாவத் தூக்கீட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்தர்றனுங்க. இந்தத் தண்ணியில அதைக் குளிப்பாட்ட மட்டும் என்னால ஆகாதுங்க."

மகன் சசிகுமாருக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை இருந்தால் சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்துப் பழகியவன். அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டவுனுக்குள் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கியிருந்தான்.

மருதாசலத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு குழாய். கூட்டுக் குடிநீர் லைன் அவர் வாசலுக்கு முன்னால்தான் ரோட்டுக்கடியில் போகிறது. ஆனால் சொந்தமாக நல்ல நீராதாரம் இருக்கிற வீட்டுக்கு இணைப்பு கிடையாது என்பது விதி. போர்த் தண்ணீர் உதவாது என்று நிலத்தடி நீர்த் தர நிர்ணயச் சிறப்பு அலுவலகம் ஒரு வார்த்தை சொன்னால் குழாய் வரும். குழாய் வந்தால் பேரக்குழந்தை வரும். தண்ணீரைக் கண்ணால் பார்த்தால் சொல்லாமலா இருப்பார்கள் என்று நம்பினார். பட்டா, சிட்டா என்று அவர் ஆபீஸ்களுக்குப் போனவர்தான். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

நிலத்தடி நீர் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. நிலத்தடியிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகியிருந்தார்கள். மேடையில் பேசிப் பேசி வீட்டில் உப்புக் கேட்டாலும் மேடைத் தமிழிலேயே கேட்கும் சிறப்பு அலுவலர், கேன் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார். மருதாசலம் மஞ்சப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"எங்க போர்த் தண்ணிங்க சாமி. ஒருக்கா மோந்து பாருங்க."

அலுவலர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எடுங்கள், எடுங்கள்! அரசாங்கப் பாட்டிலில் வராத தண்ணீரைத் தண்ணீர் என்றே நாங்கள் ஏற்பதில்லை."

"தண்ணி கெட்டுப்போச்சுங்க."

"கெட்டது என்பது தொழில்நுட்பச் சொல். பொதுமக்கள் கையாளக் கூடாது. வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று சொல்லுங்கள்; அதுவும் மெதுவாக."

"மாடு குடிக்க மாட்டீங்குதுங்க."

"மாடு கால்நடைத் துறை."

"கருப்பா வருதுங்க."

"நிறம் சாயக்கழிவுப் பிரிவு."

"நாத்தமுங்க சாமி, சோறு எறங்க மாட்டீங்குது."

"நாற்றம் எதில் வருகிறது? காற்றில். காற்றுக்கு வேறு ஆபீஸ் இருக்கிறது. நிறம், நாற்றம், மாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற தண்ணீர்தான் எங்களுடையது. என் அனுபவத்தில் அது எல்லா ஊரிலும் சுத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஆள் அனுப்புகிறேன்."

ஆள் வருகிறது என்றதும் மருதாசலம் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

வந்த ஆள் நீர் மாதிரி சேகரிப்பவர், சோணைமுத்து. மதுரைப் பக்கத்துக்காரர். உச்சி வெயிலில் ஜீப்பை விட்டு இறங்கினார். கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் அரசாங்கப் பாட்டில்கள், அவற்றுக்கு நடுவே அவருடைய தயிர்சாதம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். வாசல் ஏறியவனுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அப்புறம்தான் வந்த காரியம். வெட்ட வந்தவனாக இருந்தாலும் குடித்துவிட்டுத்தான் அரிவாளை எடுக்க வேண்டும். போர்த் தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுப்பது பாவம் என்பதால், மருதாசலம் அன்றாடம் மொபெட்டில் அனுப்பர்பாளையம் போய், பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் பங்காளி வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்து வருவார். வீட்டில் யாரும் அதைத் தாராளமாகத் தொடுவதில்லை. வருகிறவர்களுக்கு என்று மூடி வைத்திருக்கும் குடம்.

மருதாசலத்தின் மனைவி ரங்காத்தாள் அதிலிருந்துதான் சொம்பு நிறைய மொண்டு வந்து நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கறீங்க. குடிங்க சாமி."

சோணைமுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "ஆத்தாடி! இளநி கெட்டது போங்க. இது உங்க வீட்டுத் தண்ணியாம்மா?"

இரவல் தண்ணீர் என்று ஒரு விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? "நம்மூட்டுத் தண்ணிதானுங்க. இன்னொரு சொம்பு குடிங்க."

மருதாசலம் இதையெல்லாம் பார்க்கவில்லை. மோட்டார் ரூமுக்கு ஓடியிருந்தார். அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கரண்டும் விருந்தாளி மாதிரி நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அன்றைக்குப் போயிருந்தது. சுவிட்சை அழுத்திக்கொண்டே நின்றார். கடைசியில் "இந்தா வந்துருமுங்க, செத்த இருங்க" என்று சொல்ல அவர் திரும்பி வந்தபோது, ஜீப் கிளப்பிய புழுதி அடங்கிக்கொண்டிருந்தது.

"எங்கடி அந்த ஆபீசரு?"

"போய்ட்டாருங்க. ஐஸ் கரஞ்சு போகுமுன்னு அவசரப்பட்டாரு. பாட்டலுக்குத் தண்ணி கேட்டாரு, ஊத்திக் குடுத்தனுங்க."

"எந்தத் தண்ணிய?"

"அவரு குடிச்ச தண்ணியவேதான் கேட்டாரு. ஊட்டுக்கு வந்தவங்க வாய்விட்டுக் கேட்டா இல்லீன்னு எப்படீங்க சொல்றது?" என்றாள் ரங்காத்தாள். பிறகு, கணவன் முகம் போன போக்கைப் பார்த்து, சமாதானமாக ஒன்றைச் சேர்த்தாள். "சும்மா குடுக்கலீங்க. வெள்ளைத்துணி போட்டு வடிகட்டித்தான் குடுத்தேன். அரசாங்கத்துக்குப் போறதாச்சே."

மருதாசலம் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முடிவு வர மாசக்கணக்கானது. அதற்குள் அன்புசெல்விக்குத் தாராபுரத்தில் வளைகாப்பு முடிந்துவிட்டது. வந்த முடிவு, மாவட்டத்திலேயே இத்தனை தரமான நிலத்தடி நீர் இதுவரை அகப்பட்டதில்லை என்றது. குழாய் இணைப்பு ஒரேயடியாக மறுக்கப்பட்டது. கூடவே நிலத்தடி நீர் விழிப்புணர்வு வார விழாவில் மருதாசலத்துக்குச் சால்வை போர்த்துவதாக அழைப்பும் வந்தது.

விழாவைப் பாறைக்குழி ஓரத்திலேயே வைத்தார்கள். குப்பைமேட்டை எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன பச்சைத் துணி போர்த்தி மூடியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊட்டி. சுற்றிலும் கட்டுக்கட்டாக ஊதுபத்தி. மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் கடைத் தண்ணீர் பாட்டில், ஒவ்வொருவர் மூக்கிலும் கைக்குட்டை. சிறப்பு அலுவலர் பேசுவதற்காக மட்டும் கைக்குட்டையை எடுத்தார்.

"பெரியோர்களே! நிலத்தடி நீர் நம் தாய். தாயின் கையிலிருந்து வாங்கிக் குடிக்கும்போது முகர்ந்து பார்ப்பவன் மனிதனா? இதோ, பக்கத்தில் இத்தனை பெரிய குப்பை. ஆனால் இந்த விவசாயியின் தண்ணீரோ பன்னீர்! இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? குப்பையால் தண்ணீர் கெடும் என்பது கட்டுக்கதை. குப்பை பக்கத்தில் இருந்தால் தண்ணீர் தேறுமா என்ற கோணத்தில் ஆராய எங்கள் அலுவலகம் ஒரு குழு அமைத்திருக்கிறது. குழுவுக்குத் தலைவர் நானே. அயல்நாடு சென்று பார்த்து வரவும் உத்தேசம்."

கைதட்டினார்கள். சால்வை விழுந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். மருதாசலம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. இத்தனை பெரியவங்க வந்திருக்கறீங்க, சால்வையெல்லாம் போட்டீங்க. ஆனா அந்தப் பாட்டல்ல போனது எங்க தண்ணியில்லீங்க. அனுப்பர்பாளையத்துத் தண்ணிங்க. எங்கூட்டுக்காரி விருந்தாளிக்குன்னு வெச்சிருந்ததுங்க. எங்க தண்ணி அந்தா, அந்தத் துணிக்கடியில இருந்து வருதுங்க."

ஊதுபத்திப் புகை மட்டும் அசைந்தது. அலுவலர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "எளிய மனிதரின் நகைச்சுவை!" என்றார். மறுபடியும் கைதட்டல். மேடையை விட்டு இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு காதோடு சொன்னார். "எங்கள் முடிவையே சந்தேகப்படுகிறீர்கள். சரி, பாறைப் பிரிவை அனுப்புகிறேன். அதோடு உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும்."

பாறைப் பிரிவு என்பது ராஜபாண்டி என்ற ஒரே அதிகாரி. சுத்தியலும், சுருட்டிய வரைபடமும், பளபளக்கும் ஷூவுமாக வந்தார். இந்தத் தடவை ரங்காத்தாளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார் மருதாசலம். சொம்பு வெளியே வரவில்லை. வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத வீடு என்ற பேச்சு வந்தாலும் வரட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார்.

ராஜபாண்டி குழி ஓரத்துப் பாறையைச் சுத்தியலால் தட்டினார். ணங் என்றது. வரைபடத்தைப் பார்த்தார். திருப்தியாகச் சுருட்டினார்.

"ஒரே பாறை. வெடிப்பு இல்ல. குப்பைத் தண்ணி எறங்க வழியே இல்ல."

"இல்லீங்க சாமி, போர் ஓட்டறப்ப நாலஞ்சு எடத்துல வெடிப்பு கெடச்சுதுங்க. பொதுக்குன்னு உள்ள போச்சுங்க ராடு. வெடிப்பு இருக்கங்காட்டித்தான தண்ணியே வந்துச்சு?"

"இந்த மேப்பு எழுபத்தி மூணுல போட்டது. அதுல வெடிப்பு காட்டலையே."

"அதுக்கப்பறமில்லீங்க குவாரிக்காரங்க வேட்டு வெச்சாங்க! எங்க செவுரே விரிசல் உட்டுப்போச்சு. பாறை உடாதுங்களா?"

"வேட்டு சுரங்கப் பிரிவு. அப்படியே வெடிப்பு விழுந்திருந்தாலும் எங்களுக்குத் தகவல் வந்திருக்கணும்ல? வரல. தகவல் தராம விழுற வெடிப்ப நாங்க எப்படிய்யா ஒத்துக்க முடியும்?"

அன்றைக்கு ஆண்டவன் புண்ணியத்தில் கரண்ட் இருந்தது. மருதாசலம் அவரைத் தோட்டத்துக் குழாயடியில் கூட்டி வந்து நிறுத்திவிட்டு, ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினார். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு, கருகருவென்று நுரையோடு கக்கியது. ராஜபாண்டியின் ஷூ மூழ்கியது.

"பாருங்க சாமி! இப்பவாச்சும் பாருங்க!"

ராஜபாண்டி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு வேதனை வந்தது. மருதாசலத்துக்கு நம்பிக்கை பிறந்தது.

"வெடிப்பு இல்லாத பாறையில அழுக்கு போகாது. சரியா?"

"சரிங்க."

"அழுக்கே போகாதுன்னா தண்ணி மட்டும் எப்படிப் போகும்?"

"போகாதுங்க. ஆனா வருதுங்களே."

"அப்ப உங்க போர்ல தண்ணி இல்ல."

"கால் நனைஞ்சு போச்சுங்களே சாமி!"

"நனையிறது அனுபவம்" என்றார் ராஜபாண்டி, ஷூவை உதறிக்கொண்டு. "அனுபவத்த வச்சு அறிக்கை எழுத முடியாது. எனக்கு ரிட்டயர்டு ஆக இன்னும் ஆறு வருசம் இருக்குய்யா."

மூன்றாம் மாடியில் சிறப்பு அலுவலர் இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துக்கொண்டு புன்னகைத்தார். மருதாசலம் எதிரே நின்றார். தாராபுரத்திலிருந்து அன்று காலைதான் போன் வந்திருந்தது. இந்த வாரமோ அடுத்த வாரமோ பிரசவம்.

"உங்கள் தண்ணீர் மிக நல்ல தண்ணீர் என்கிறது ஒரு பிரிவு. உங்கள் போரில் தண்ணீரே இல்லை என்கிறது இன்னொரு பிரிவு. அரைகுறைகளுக்கு இது முரண்பாடாகத் தோன்றும். இரண்டும் உண்மை. தண்ணீர் இருந்திருந்தால் மிக நல்ல தண்ணீராக இருந்திருக்கும். இலாகா ஒற்றுமை என்பது இதுதான்."

மருதாசலம் இந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார். அதற்குள் ஒரு வெளிச்சம் இருப்பது போலப் பட்டது. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறா, பாம்பா என்று பார்க்க நேரமிருக்காது.

"சாமி, அப்ப எனக்கு நீராதாரமே இல்லீங்கதானுங்க?"

"இல்லை."

"நீராதாரம் இல்லாத ஊட்டுக்குக் கொழாய் குடுப்பாங்கதானுங்க?"

"விதிப்படி கொடுக்கலாம். ஆனால் உங்கள் போரில் தண்ணீர் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். நாளைக்குத் தண்ணீர் வருகிறது என்று வந்து நிற்கக் கூடாது."

பிறந்ததிலிருந்து மருதாசலம் பொய் சொல்லாதவர் என்று சொல்ல முடியாது. மாட்டுச் சந்தையில் சொல்லியிருக்கிறார். ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லீங்க சாமி. ஒரு சொட்டுக் கெடையாதுங்க. அடியில பூரா ஒரே பாறைங்க. வெடிப்பே இல்லீங்க."

"குப்பை நீர் கசிய வாய்ப்பு?"

"மருந்துக்குமில்லீங்க."

"இதைத்தான் நாங்கள் முதல் நாளிலிருந்து சொல்கிறோம்" என்று அலுவலர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். காட்டிய இடத்தில் எல்லாம் மருதாசலம் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது மூன்று மாடியும் மூன்று படிபோல இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பேரக்குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் குளியல் டப் வாங்கிக்கொண்டார்.

முதலில் மின்சார ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். தண்ணீர் இல்லாத போருக்கு மோட்டார் எதற்கு என்று கேட்டு கனெக்ஷனைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். மருதாசலம் வருத்தப்படவில்லை, குழாய் வரப்போகிறது.

அடுத்து ரோட்டில் பொக்லைன் வந்து நின்றது. குழாய்க்குப் பள்ளம் வெட்டத்தான் என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பொக்லைன் அவர் வாசலைக் கடந்து, தோட்டத்துக்குக் கிழக்கே போனது. அங்கே இன்னொரு பாறைக்குழி உண்டு, புறம்போக்கு, யாரும் தொடாமல் கிடந்தது. பொக்லைன் அதற்கு வழி ஒழுங்கு பண்ணியது. பின்னாலேயே ஷாமியானா வந்தது. ஊதுபத்தி வந்தது. கடைசியில் சிறப்பு அலுவலர் வந்தார்.

"வாருங்கள், வாருங்கள். உங்களைத்தான் தேடினேன். மேற்குக் குழி நிறைந்துவிட்டது. வேறு இடம் தேடி மாவட்டம் முழுக்க அலைந்தோம். எங்கே பார்த்தாலும் தண்ணீர் கசியும், வெடிப்பு இருக்கும் என்று ஜனங்கள் தகராறு. இந்த ஒரு இடத்தில்தான் அடியில் வெடிப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, கசியவும் கசியாது என்று உள்ளூர் விவசாயியே முன்வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் கையெழுத்தைப் பெரிதாக்கி பேனரில் போட்டிருக்கிறோம், பார்த்தீர்களா?"

பேனரில் இருந்தது. கை நடுங்காமல் போட்டிருந்தார், நல்ல கையெழுத்து.

"சாமி, நடுவுல எங்க ஊடு இருக்குதுங்களே."

அலுவலர் பக்கத்தில் நின்ற ராஜபாண்டியைப் பார்த்தார். ராஜபாண்டி வரைபடத்தை விரித்தார். விரலை ஓட்டினார்.

"எழுபத்தி மூணுல வீடு எதுவும் இல்லங்க சார்."

"அதுக்கப்பறம் கட்டினதுங்க. நாங்க குடியிருக்கறமுங்க. அந்தா பாருங்க, எங்கூட்டுக்காரி நிக்கறா."

அலுவலர் திரும்பி, வீட்டையும் வாசலில் நின்ற ரங்காத்தாளையும் பார்த்தார். அன்றைக்கு நனைந்த ஷூவைப் பார்த்தபோது ராஜபாண்டி முகத்தில் வந்த அதே வேதனை அவர் முகத்திலும் வந்து போனது.

"கொழாயாச்சும் குடுத்துருவீங்கதானுங்க?" என்றார் மருதாசலம். குரல் இறங்கிவிட்டது.

"குப்பைக் கிடங்கின் எல்லைக்குள் குடிநீர்க் குழாய் கூடாது. சுகாதாரக் கேடு" என்றார் அலுவலர் கண்டிப்பாக. "ஜனங்களின் உயிரோடு நாங்கள் விளையாட மாட்டோம்."

மேடையிலிருந்து கொடியசைத்தார்கள். லாரிகள் வரிசையாக நகர்ந்தன.

மருதாசலம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அன்புசெல்வி.

"மாமா, பாப்பா பொறந்திருக்குதுங்க. பொட்டப்புள்ள. உங்க மூக்குன்னு எங்கம்மா சொல்றாங்க." மூச்சு வாங்கினாள். "கொழாய் வந்துருச்சுங்களா மாமா? பொறந்ததும் பொறக்காததுமா இதக் கேக்கறன்னு நெனைக்காதீங்க. இவரு டவுன்ல ஊட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறமுன்னாரு. மாமாவக் கேட்டுட்டுக் குடுக்கலாமுன்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கறனுங்க."

ரங்காத்தாள் கதவருகே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கச் சொல்லு அம்மிணி" என்றார் மருதாசலம்.

ரங்காத்தாளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"நாங்க வந்து பாத்துக்கறமுங் கண்ணு. நீ பாப்பாவ இங்க கொண்டாந்துறாத. ஆரு கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும் கொண்டாந்துறாத."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. போன் கை மாறியது போலச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னக் குரல் வீறிட்டு அழத் தொடங்கியது. நல்ல கெட்டியான குரல். அதே நேரத்தில் கிழக்கே முதல் லாரி பின்பக்கத்தைத் தூக்கிச் சரித்தது. அழுகை கேட்காமல் போய்விடுமோ என்று மருதாசலம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். லாரிகள் கொட்டக் கொட்ட, இன்னும் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தார்.